தொண்டையிலேயே நிக்கிற சளி: ஒரு வீடு, ரெண்டு தொண்டை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

நாகர்கோவில்ல இருந்து பேசுறேன். வெளிய சாரல் அடிச்சுக்கிட்டு இருக்கு. நடுவுல ஓட்டுல தண்ணி விழுற சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க.

இன்னைக்கு விஷயம் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க முடிச்சிட்டு வாங்க. சளியைப் பத்திப் பேசப்போறோம். நாலு நாள் வந்துட்டுப் போற ஜலதோஷச் சளி இல்ல. மாசக்கணக்கா தொண்டைக்குழியில ஒட்டிக்கிட்டு, முழுங்கினாலும் போகாம, காறினாலும் வராம நிக்குமே, அந்தச் சளி.

2024 மே மாசக் கடைசியில ஒரு எபிசோட் எடிட் பண்ணிட்டு இருந்தேன். ஒலிப்பதிவைத் திரையில பார்த்தா அலை அலையா தெரியும். நடுவுல செருமல் மட்டும் தனியா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். அன்னைக்கு ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டே எண்ணிப் பார்த்தேன். நாற்பது நிமிஷத்துல 63 தடவை "க்ஹும்". நீங்க கேக்குற எபிசோட்ல அது இருக்காது, ஏன்னா நான் வெட்டிடுவேன். ஆபீஸ் மீட்டிங்ல யாரு வெட்டுவா?

அம்மாகிட்ட சொன்னேன். அம்மா சிரிச்சாங்க. "ஒனக்கு அப்பாக்க தொண்ட மக்ளே. குடும்பச் சொத்து."

அது உண்மைதான். எங்க அப்பா கோட்டாறு கம்போளத்துல ஒரு மொத்தக் கடையில முப்பது வருஷம் கணக்கெழுதினவர். வத்தல் மூட்டை, மல்லி மூட்டை, அதோட தூசி, நெடி. கூடவே இருபத்தஞ்சு வருஷம் பீடி. பீடியை விட்டு எட்டு வருஷம் ஆச்சு, செருமல் மட்டும் விடல. தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்புல சாயாவுக்குத் தண்ணி வச்சிடுவாங்க. எங்க வீட்டுக்கு அது காலிங் பெல் மாதிரி.

என் தொண்டைக்கு என்ன ஆச்சுங்கிறதுல ஆரம்பிச்சு, அப்பா தொண்டைக்கு என்ன ஆச்சுங்கிறதுல முடிக்கிறேன். ரெண்டாவதை அவரோட சம்மதத்தோடதான் சொல்றேன்.

சளி எங்க இருந்து வருது?

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். சளி நோய் கிடையாது. மூக்கு, சைனஸ், தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாத்தோட உள்தோலும் நாள் முழுக்க சளியைச் சுரந்துக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர், சில சமயம் அதுக்கு மேலேயும். பெரும்பகுதி தண்ணிதான். தூசி, கிருமி எல்லாம் அதுல ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். நாம தெரியாமலே முழுங்கிடுவோம், வயித்து அமிலம் மத்ததைப் பார்த்துக்கும். இப்ப என்னைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே அதைத்தான் பண்ணிட்டு இருக்கீங்க.

அப்போ திடீர்னு அது ஏன் தெரிய ஆரம்பிக்குது? மூணுல ஒண்ணு நடந்திருக்கும். சளி அதிகமாகியிருக்கும், இல்லேன்னா கெட்டியாகியிருக்கும், இல்லேன்னா சளி எப்பவும்போலதான் இருக்கும், தொண்டைக்கு உணர்ச்சி அதிகமாகியிருக்கும். மூணாவதைப் பலரும் யோசிக்கிறதே இல்ல. தொண்டை புண்பட்டிருந்தா, வழக்கமான சளியே ஏதோ உருண்டை அடைச்ச மாதிரி தோணும்.

இதுக்குக் காரணத்தை நாலு திசையில தேடணும்: மேல, கீழ, வெளிய, அப்புறம் நம்ம பழக்கத்துல.

மேல இருந்து: மூக்கு

மூக்குல அலர்ஜி, சைனஸ்ல நாள்பட்ட வீக்கம், இது ரெண்டுலயும் சளி மூக்குக்குப் பின்பக்கமா தொண்டையில வடியும். படுத்தா அதிகமாகும், காலையில எழுந்ததும் காறல், அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, மூக்குலயோ அண்ணத்துலயோ அரிப்பு. இதெல்லாம் இருந்தா முதல்ல மூக்கைச் சந்தேகப்படுங்க.

நம்ம ஊருக்கு இதுல தனிச் சிக்கல் இருக்கு. தமிழ்நாட்டுல பெரும்பாலான ஊருக்கு ஒரு மழைக்காலம்தான் பெருசு. நமக்கு ஜூன்ல தென்மேற்கு, ஐப்பசியில வடகிழக்குன்னு ரெண்டு. சுவர்ல பூஞ்சை பிடிக்கும், மெத்தை, தலையணை எல்லாம் நசநசன்னு இருக்கும். அலர்ஜிக்குப் பெரிய காரணமான தூசிப்பூச்சிகளுக்கு இந்த ஈரக்காத்துதான் வாழ்வு. கண்ணுக்கே தெரியாத பூச்சி, மெத்தையில உதிர்ற நம்ம தோல் துணுக்கைத் தின்னு பெருகும். அந்த ஈரம் காயறதுக்குள்ள கன்னிப்பூ அறுப்பு வந்துடும். வைக்கோல் தூசி, பதர்த் தூசி. நாஞ்சில் நாட்டுல வயலோரமா வீடு இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கீழ இருந்து: வயிறு

வயித்துல இருக்கிற அமிலமும், பெப்சின்ங்கிற செரிமானப் பொருளும் உணவுக்குழாய் வழியா மேல ஏறி தொண்டை வரைக்கும் வரலாம். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு: நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது வரும். சாப்பிட்டதும் செருமல், குனிஞ்சா செருமல், காலையில குரல் கரகரப்பு, தொண்டையில உருண்டை நிக்கிற உணர்வு. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு பதினொன்றரைக்கு பரோட்டா சால்னா, பன்னிரண்டுக்குப் படுக்கைன்னு இருக்கிற நம்மள மாதிரி ஆட்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

பெலாஃப்ஸ்கிங்கிற அமெரிக்க மருத்துவர் குழு 2002-ல ஒன்பது கேள்வி கொண்ட ஒரு பட்டியல் போட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரை மார்க். மொத்தம் 13-க்கு மேல போனா அமில ஏற்றமா இருக்கலாம்னு சந்தேகப்படுவாங்க. அந்த ஒன்பதுல செருமலும் உண்டு, தொண்டைச் சளியும் உண்டு.

ஆனா அவசரப்பட்டு கேஸ் மாத்திரையை மாசக்கணக்கா முழுங்காதீங்க. 2021-ல பிரிட்டன்ல இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. நாள்பட்ட தொண்டைத் தொந்தரவு இருந்த 346 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. பதினாறு வாரம். கடைசியில ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்குத்தான் குறைஞ்சிருந்தது. நெஞ்செரிச்சல் இருந்தா மாத்திரைக்கு வேலை இருக்கு. வெறும் தொண்டைச் சளிக்கு அது பெரும்பாலும் தண்டச் செலவு. அதுக்குப் பதிலா படுக்கிறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டை முடிங்க. தலைமாட்டுக் கட்டில் கால் ரெண்டுக்கும் அடியில செங்கல் வச்சு உயர்த்துங்க. தலையணையை மட்டும் அடுக்கினா வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

வெளிய இருந்து

சிகரெட், பீடி, வேப்பிங், அடுப்புப் புகை, கயிறு திரிக்கிற இடத்துல, முந்திரி ஆலையில, மில்லுல பறக்கிற தூசி, புகை. இன்னொண்ணு, வீட்டுல பெரியவங்க பிபி மாத்திரை எடுத்தா அதோட பேரைப் பாருங்க. எனலாப்ரில், ராமிப்ரில்னு "ப்ரில்"ல முடியிற வகை சிலருக்கு வறட்டு இருமலும் தொண்டைக் கிச்சுகிச்சும் கொடுக்கும். அப்படி இருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட சொன்னா வேற வகைக்கு மாத்தித் தருவாங்க.

நானே எனக்குப் பார்த்த வைத்தியம்

இதெல்லாம் தெரியாத காலத்துல நான் என்ன பண்ணினேன்? பக்கத்து மெடிக்கல் ஷாப்ல போய் "சளி"ன்னு சொன்னேன். ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க. மூணு நாள் போட்டேன், விட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் ஒரு அட்டை. சளி மஞ்சளா இருந்தா ஆன்டிபயாடிக் வேணும்னு நினைச்சேன். அது தப்பு. நம்ம வெள்ளை அணுக்கள் சண்டை போட்டுச் சாகும்போதும் சளி மஞ்சளாகும், பச்சையாகும். நிறத்தை மட்டும் வச்சு பாக்டீரியான்னு முடிவு பண்ண முடியாது.

அதோட மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்னு அட்டையில போட்டிருக்கும். விட்ட அஞ்சாவது நிமிஷம் மூக்கு திறக்கும், சொர்க்கம். ஆனா அதை அஞ்சு நாளுக்கு மேல விடக்கூடாது. தொடர்ந்து விட்டா, மருந்து இறங்கினதும் மூக்கு முன்னைவிட வீங்கும். மறுபடியும் சொட்டு, மறுபடியும் வீக்கம். நான் ஏழு மாசம் விட்டேன். தலையணைக்கடியில பாட்டில் இல்லேன்னா தூக்கம் வராது.

அம்மாவோட வைத்தியம் தனி. சுக்கு காப்பி, கற்பூரவள்ளிச் சாறு, தலைக்குக் குளிச்சா உச்சியில ராஸ்னாதிப் பொடி, ராத்திரி ஆவி பிடிக்கிறது. இதைக் கிண்டல் பண்ண நான் வரல. சூடா எதைக் குடிச்சாலும் சளி கொஞ்சம் இளகும், தொண்டைக்கு இதமா இருக்கும், அது நிஜம். ஆனா கீழ இருந்து அமிலம் ஏறுற ஆளு படுக்கப்போகும்போது காரமா சுக்கு காப்பி குடிச்சா சில சமயம் எதிரா போகும். ஆவி பிடிக்கும்போது கொதிக்கிற பாத்திரத்தை மடியில வைக்காதீங்க, குழந்தைகளைப் பக்கத்துல விடாதீங்க. வெந்து புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு வரும்.

அப்புறம், பால் குடிச்சா சளி பிடிக்குமா? 1990-ல ஆஸ்திரேலியாவுல 60 பேர் மூக்குல ஜலதோஷ வைரஸை விட்டு, அவங்க குடிச்ச பாலையும், சிந்தின சளியையும் கணக்குப் பார்த்தாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. பால் எச்சிலோட கலந்து வாயில கொஞ்ச நேரம் கெட்டியா ஒட்டும், அதைச் சளின்னு நினைச்சுக்குறோம். எனக்கு எட்டு மாசமா நிறுத்தி வச்சிருந்த சாயா திரும்பக் கிடைச்சது.

டியூப் விட்டுப் பார்த்த அன்னைக்கு

63-ஐ எண்ணின மறுவாரம் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். மெல்லிசா ஒரு டியூப், நுனியில விளக்கும் கேமராவும். மூக்கு வழியா விட்டு குரல்நாண் வரைக்கும் பார்த்தாங்க. மொத்தம் ரெண்டு நிமிஷம். கண்ணுல தண்ணி வந்தது, வலியில்ல.

"தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. மூக்குல அலர்ஜி, அது பின்னால வடியுது. சொட்டு மருந்து மூக்கை இன்னும் கெடுத்து வச்சிருக்கு. குரல்நாண் லேசா சிவந்திருக்கு, அது நீங்க செருமிச் செருமிப் பண்ணினது" அப்படின்னாங்க.

அந்தக் கடைசி வாக்கியம்தான் நாலாவது திசை. நாம செருமும்போது ரெண்டு குரல்நாணும் படார்னு ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஒரு நாள்ல நூறு தடவை மோதினா வீங்கும். வீங்கின இடம் தன்னைக் காப்பாத்திக்க இன்னும் சளி சுரக்கும், உணர்ச்சியும் அதிகமாகும். மறுபடியும் செருமத் தோணும். கொசு கடிச்ச இடத்தைச் சொறியிற கதைதான். மூக்கைச் சரி பண்ணினாலும் இந்தப் பழக்கத்தை விடலேன்னா தொண்டை ஆறாது.

நான் செஞ்சது இவ்வளவுதான்.

சொட்டு மருந்தை நிறுத்தினேன். முதல் வாரம் நரகம். அதுக்குப் பதிலா டாக்டர் எழுதின ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இது அடிச்ச உடனே திறக்காது, ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். ரெண்டு நாள் அடிச்சுட்டு "வேலை செய்யல"ன்னு தூக்கிப் போடுறவங்கதான் அதிகம். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நடுச்சுவரைப் பார்த்து அடிக்காம, அந்தப் பக்கக் காதைப் பார்த்து அடிக்கணும்.

தினமும் உப்புத்தண்ணியில மூக்கு கழுவுறது. அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு சின்ன ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. தண்ணி கண்டிப்பா கொதிக்க வச்சு ஆறவச்சதா இருக்கணும். பக்கத்துல கேரளத்துல 2024-லயும் 2025-லயும் மூளையைத் தாக்குற அமீபா நோய் வந்து உயிர்கள் போச்சு. அந்த அமீபா மூக்கு வழியாத்தான் ஏறும். குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி, குளத்துத் தண்ணி எதையும் அப்படியே மூக்குல விடாதீங்க.

படுக்கை விரிப்பை வாரம் ஒருதரம் வெந்நியில துவைச்சோம். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை அம்மா மனசில்லாம தூக்கிப் போட்டாங்க.

செருமத் தோணும்போது ஒரு வாய் தண்ணி. தண்ணி இல்லேன்னா எச்சிலை அழுத்தி ஒரு முழுங்கு. அதுவும் போதலேன்னா, கண்ணாடியில ஆவி ஊதுற மாதிரி சத்தமில்லாம "ஹா"ன்னு ஒரு மூச்சு. முதல் ரெண்டு நாள் பைத்தியம் பிடிக்கும். ஆறு வாரம் கழிச்சு எடுத்த எபிசோட்ல எண்ணினேன். 63 இல்ல, 9.

அப்பா

இப்ப அப்பா. டாக்டர் ரூம்ல இருந்து கிளம்பும்போது நான் சும்மா சிரிச்சுக்கிட்டே, "எங்க வீட்டுல இது குடும்பச் சொத்து டாக்டர், எங்க அப்பாவும் இப்படித்தான்"னு சொன்னேன். அவங்க சிரிக்கல. "பீடி, சிகரெட் உண்டா?" "இருந்தது." "குரல் மாறியிருக்கா?" "கொஞ்சம் கரகரன்னு இருக்கு." "எத்தனை நாளா?"

எனக்குப் பதில் தெரியல. தினமும் கேக்குற குரல் என்னைக்கு மாறிச்சுன்னு யாருக்குத் தெரியும்? "மூணு வாரத்துக்கு மேல குரல் மாறியிருந்தா கண்டிப்பா டியூப் விட்டுப் பார்க்கணும். சளின்னு விடாதீங்க" அப்படின்னாங்க.

வீட்டுக்கு வந்து என் பழைய பதிவுகளைத் தேடினேன். வீட்டுலயே ரெக்கார்ட் பண்றதால வெட்டிப் போட்ட துண்டுகள்ல அப்பா குரல் நிறைய இருக்கும். பிப்ரவரியில ஒரு துண்டு: "மக்ளே, மோட்டர் ஆஃப் பண்ணியாச்சா?" கணீர்னு இருந்தது. மே மாசத்துல இன்னொண்ணு, கிட்டத்தட்ட அதே கேள்வி. உப்புத்தாளை உரசின மாதிரி இருந்தது. ஒரு சளி காய்ச்சல்ல அடைச்ச குரல் இல்ல. வேற ஆளு குரல்.

ஹெட்போனை அப்பாகிட்ட கொடுத்து ரெண்டையும் கேக்க வச்சேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "இது நானா மக்ளே?"ன்னு மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஓ.பி.யில நின்னோம். டியூப் விட்டுப் பார்த்தாங்க. இடது குரல்நாண்ல வெள்ளையா ஒரு தடிப்பு. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. புற்றுநோய். ஆனா குரல்நாணைத் தாண்டிப் பரவல, ஆரம்ப நிலை.

திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில கதிர்வீச்சு. வாரத்துல அஞ்சு நாள், ஆறு வாரத்துக்கு மேல. அந்த நாட்கள்ல அப்பா கஞ்சியைக்கூட கண்ணீர் விட்டுக்கிட்டுத்தான் முழுங்கினார். இப்ப நல்லா இருக்கார். சில மாசத்துக்கு ஒருதரம் போய்க் காட்டிட்டு வர்றோம். குரல்ல லேசா ஒரு கரகரப்பு மிச்சம் இருக்கு, அவ்வளவுதான்.

பயமுறுத்த இதைச் சொல்லல. தொண்டையில சளி நிக்குதுன்னு சொல்ற பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் கிடையாது. என்னை மாதிரி மூக்கோ, வயிறோ, பழக்கமோதான் காரணம். குரல்நாண்ல ஒரு நல்லது இருக்கு: அங்க சின்னதா தடிச்சாலே குரல் மாறிடும், அதனால சீக்கிரமே தகவல் வந்துடும். ஆரம்பத்துலேயே கண்டுபிடிச்சா பெரும்பாலானவங்க குணமாகிடுறாங்க. எங்க வீட்டுலயும் தகவல் வந்துச்சு, மூணு மாசமா வந்துக்கிட்டே இருந்துச்சு. நாங்க அதைக் கம்போளத்து வத்தல் நெடின்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

அதனால இதை மட்டும் எழுதி வச்சுக்கோங்க. மூணு வாரத்துக்கு மேல குரல் மாற்றம். முழுங்க வலி, இல்லேன்னா சாப்பாடு சிக்குறது. எச்சில்ல ரத்தம். கழுத்துல கட்டி. ஒரு பக்கம் மட்டும் காது வலி. காரணமில்லாம எடை குறையிறது. மூச்சுவிடும்போது சத்தம். இதுல ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டர். புகையிலை, பீடி, வெத்திலைப் பழக்கம் இருக்கிறவங்க இன்னும் சீக்கிரம். இருமல் ரெண்டு வாரம் தாண்டினா, கூட சாயந்திரக் காய்ச்சலும் இருந்தா, டிபிக்கு சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில அது இலவசம், மருந்தும் இலவசம்.

இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுல அப்பாவோ, மாமாவோ, ஆச்சியோ ரொம்ப நாளா செருமிக்கிட்டு இருக்காங்கன்னா, உங்க போன்ல அவங்க அனுப்பின பழைய வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு இருக்கும். அதைக் கேளுங்க. அப்புறம் அவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க. ரெண்டு குரலும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

எங்க வீட்டுல அப்பா இப்ப செருமுறதில்ல. கதிர்வீச்சுக்கு அப்புறம் தொண்டை வறண்டு போறதால, சின்னச் சின்ன வாயா தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. கையில எப்பவும் ஒரு பாட்டில். போன வாரம் வாசல்ல வந்து நின்னவரைப் பார்த்து அம்மா திடுக்கிட்டுப் போனாங்க. "நீங்க வந்தது தெரியவே இல்லியே, சாயா போடலியே"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. தண்ணி குடிங்க. செருமாதீங்க.